சீப்புச்செடியும் கண்ணாடிப் பெட்டியும்

இந்த ஜனவரியில் பெங்களூர் போயிருந்தோம். அம்மா அங்கே தம்பி வீட்டில்தான் இருக்கிறார். லண்டன் குளிரிலிருந்து தப்பித்து வந்த என் மகளுக்கு ஊர் சுற்ற ஒரே ஆசை. குடியரசு தின மலர்க் கண்காட்சி நேரம் என்பதால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு லால்பாக் கிளம்பினோம்.

கண்ணாடி மாளிகைக்குள் கல்யாண வீடு மாதிரி கூட்டம். எல்லோரும் ரோஜாவையும் பூக்களால் செய்த உருவங்களையும் போட்டோ எடுத்துக்கொண்டிருக்க, என் மகள் மட்டும் வெளியே வந்து நர்சரியில் ஒரு தொட்டி முன்னால் நின்றுவிட்டாள். பச்சைச் சீப்பு மாதிரி இலை, நுனியில் வயலின் தலை போலச் சுருண்ட குருத்து. ஃபெர்ன் செடி. பள்ளிக்கூடப் பாடத்தில் நாமெல்லாம் 'பெரணி' என்று படித்தோமே, அதேதான்.

"அப்பாயி, இதுல பூ எங்க?"

"இது பூக்காது கண்ணு. காய்க்கவும் செய்யாது" என்ற அம்மா, விலையைக் கேட்டதும் அதிர்ந்துவிட்டார். "ஏன்டா, சீப்புச்செடிக்குப் போயி காசா? நாங்க இத கூலிக்குப் புடுங்கிப் போட்டோமேடா!"

அம்மா சொன்னது சரிதான். தேயிலைத் தோட்டத்தில் இது களை. இலங்கையில் ஹட்டன் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவர் அம்மா. பதினைந்து வயதில் கப்பலேறி வந்து, பிறகு கோத்தகிரியில் தேயிலை பறித்து எங்களைப் படிக்க வைத்தவர். சீப்புச்செடி என்பது அவர் வைத்த பேர்.

மகள் அதை லண்டனுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அடம் பிடித்தாள். முறையான தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் இந்தியாவிலிருந்து செடியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு பிரிட்டனுக்குள் நுழைய முடியாது. இதை விளக்கியும் அவளுக்குச் சமாதானமில்லை. "அப்போ இங்க இருக்கிற செடியெல்லாம் எப்படி வெளிநாட்டுல இருந்து வந்துச்சு?" என்றாள்.

நல்ல கேள்வி. அன்று சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. திரும்பி வந்து வார இறுதிகளில் தேடித் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க அது எங்கள் குடும்பக் கதைக்குள்ளேயே வந்து நின்றது. உங்களில் பலருடைய குடும்பக் கதையும்கூட இதில் இருக்கலாம். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் செடியைப் பற்றிக் கொஞ்சம்.

பெரணிக்கு விதை கிடையாது. இலையைத் திருப்பிப் பார்த்தால் அடியில் பழுப்புப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். பூச்சி அரித்ததோ என்று நினைத்துக் கிள்ளி எறிகிறவர்கள் உண்டு. அந்தப் புள்ளிகளுக்குள் இருப்பதுதான் ஸ்போர். தூசி போன்ற தூள். ஓர் இலையிலிருந்தே லட்சக்கணக்கில் காற்றில் போகும். ஈரமான இடத்தில் விழுந்தது மட்டும் பிழைக்கும். விழுந்ததும் நேராகச் செடியாகாது. சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதாக, இதய வடிவில் ஒரு பச்சைத் தகடு முளைக்கும். அதன் அடியில் ஆண், பெண் அணுக்கள் உருவாகும். ஆண் அணு மெல்லிய நீர்ப்படலத்தில் நீந்திப் போய்ப் பெண் அணுவைச் சேர்ந்தால்தான் நாம் பார்க்கும் பெரணி கிளம்பும். பாசி, பெரணி எல்லாவற்றுக்கும் பொதுவான இந்த இரட்டை வாழ்க்கையை 1851ல் ஒழுங்காக எழுதி வைத்தவர் ஹாஃப்மைஸ்டர் என்ற ஜெர்மானியர். அதற்கு முன் ஐரோப்பியக் கிராமங்களில் பெரணி விதை கண்ணுக்குத் தெரியாது, அதைப் பையில் வைத்திருப்பவனும் கண்ணுக்குத் தெரியமாட்டான் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள்!

'இதெல்லாம் வெள்ளைக்காரன் தோட்டத்துச் சமாச்சாரம்' என்று நினைக்காதீர்கள். கொல்லிமலைக்கோ ஏற்காட்டுக்கோ போனவர்கள் முடவாட்டுக்கால் கிழங்கு சூப் குடித்திருப்பீர்கள். ஆட்டுக்கால் போலவே ரோமத்தோடு விற்பார்களே, அது பாறையிலும் மரத்திலும் தொற்றி வளரும் ஒரு பெரணியின் தண்டு. வயல் வரப்பில் நாலு இலையோடு கிடக்கும் ஆரைக்கீரையும் பெரணி வகைதான். பேர் தெரியாமலே நாம் தின்றுகொண்டிருந்திருக்கிறோம்.

சரி, கதைக்கு வருவோம்.

லண்டனின் கிழக்குப் பகுதியில் வெல்குளோஸ் சதுக்கம் என்று ஓர் இடம். அங்கே நத்தானியல் வார்ட் என்று ஒரு டாக்டர் இருந்தார். செடிப் பைத்தியம். வீட்டுக் கொல்லையில் கல்லடுக்கிப் பெரணி வளர்க்க ஆசைப்பட்டார். சுற்றிலும் தொழிற்சாலைப் புகை. வைத்ததெல்லாம் செத்துப்போனது. விட்டுவிட்டார். 1829ல் வேறு ஒரு காரியத்துக்காக, ஓர் அந்துப்பூச்சிக் கூட்டைக் கண்ணாடிப் புட்டியில் ஈர மண்ணோடு போட்டு மூடி வைத்தார். பூச்சி எப்படி வெளியே வருகிறது என்று பார்ப்பதுதான் நோக்கம். பகல் சூட்டில் மண்ணின் ஈரம் ஆவியாகிக் கண்ணாடியில் படிவதையும், மறுபடி வழிந்து மண்ணுக்கே போவதையும் கவனித்தார். பூச்சி வெளிவருவதற்கு முன்னாலேயே அந்த மண்ணில் இரண்டு முளைகள் தெரிந்தன. ஒன்று புல். இன்னொன்று அவர் கொல்லையில் வளர மறுத்த அதே பெரணி.

அந்த மண்ணில் முன்பே கிடந்த ஸ்போர்தான் முளைத்திருந்தது. வெளியே புகையில் சாகிற செடி, மூடிய புட்டிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமல் ஏறக்குறைய நான்கு வருஷம் உயிரோடிருந்தது. கடைசியில் மூடி துருப்பிடித்து மழைத்தண்ணீர் உள்ளே போனதால்தான் அழுகியது. சோற்றுப் பானையை மூடினால் ஆவி தட்டில் பட்டுத் திரும்பச் சொட்டுவதை நம் வீட்டில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வார்ட் அதை வைத்து ஒரு பெட்டி செய்தார்.

இதில் என்ன பெரிய விஷயம் என்கிறீர்களா? அன்றைக்குக் கப்பலில் செடி கொண்டுபோவது ஏறக்குறைய நடக்காத காரியம். உப்புக் காற்று, வெயில், குடிக்கவே தண்ணீர் பற்றாக்குறை. சீனாவிலிருந்து இங்கிலாந்துக்கு ஒரு செடி உயிரோடு போய்ச் சேர ஆயிரம் செடி சாகிறது என்று ஜான் லிவிங்ஸ்டன் என்ற டாக்டர் 1819ல் எழுதினார். வார்ட் 1833ல் இரண்டு கண்ணாடிப் பெட்டிகளில் பெரணி, பாசி, புல் வகைகளை அடைத்து சிட்னிக்கு அனுப்பினார். மாதக்கணக்கான பயணத்துக்குப் பிறகும் செடிகள் பச்சையாகவே போய் இறங்கின. அதே பெட்டிகளில் ஆஸ்திரேலியச் செடிகளை ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள். தென் அமெரிக்க முனையில் பனி, நிலநடுக்கோட்டில் கொளுத்தும் வெயில். எட்டு மாதம் கழித்து லண்டனில் திறந்தபோது அவையும் பிழைத்திருந்தன. அவற்றில் அதுவரை பிரிட்டனில் யாரும் உயிரோடு பார்த்திராத ஒரு பெரணியும் இருந்தது.

அவ்வளவுதான், ஊரே பைத்தியமாகிவிட்டது. 1845ல் கண்ணாடி மீதான வரியும் போனதால் கண்ணாடி விலை குறைந்தது. நடுத்தர வீடுகளின் முன்னறையில் எல்லாம் பெரணிப் பெட்டி. 1855ல் சார்லஸ் கிங்ஸ்லி இந்த மோகத்துக்கு 'டெரிடோமேனியா' என்றே பெயர் வைத்தார். தமிழில் பெரணிப் பித்து என்று சொல்லலாம்.

அந்தப் பித்து நம் பக்கமும் வந்தது. ஹைதர் அலி 1760ல் தொடங்கிய லால்பாக், 1856ல் அரசுத் தாவரவியல் தோட்டம் ஆனது. அதற்குப் பரிந்துரைத்தவர் ஹியூ கிளெக்ஹார்ன். சென்னையில் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர், டாக்டர், சென்னை மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலர். 1858ல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து வில்லியம் நியூ என்பவர் லால்பாக்குக்கு வந்தார். கிளெக்ஹார்னுக்கு உதவியாளராக 1857ல் சேர்ந்த ராணுவ அதிகாரி ரிச்சர்ட் பெடோம், நீலகிரி, ஆனைமலை, தென் கன்னடம் என்று காடு காடாக அலைந்து 1863-64ல் தென்னிந்தியப் பெரணிகளைப் பற்றிப் படங்களோடு ஒரு பெரிய புத்தகமே போட்டார். அம்மா புடுங்கிப் போட்ட சீப்புச்செடிக்கு அவர் பக்கம் பக்கமாகப் படம் ஒதுக்கியிருக்கிறார்! பிறகு நம்மவர்களும் இதைக் கையில் எடுத்தார்கள். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் மாணிக்கமும் இருதயராஜும் சேர்ந்து மேற்குத் தொடர்ச்சி மலைப் பெரணிகளைத் தொகுத்து 1992ல் வெளியிட்ட நூல் இன்றைக்கும் ஆய்வாளர்கள் புரட்டுகிற நூல்.

லால்பாக் கண்ணாடி மாளிகைக்கு 1889 நவம்பரில் அடிக்கல் நாட்டியவர் விக்டோரியா ராணியின் பேரன் ஆல்பர்ட் விக்டர். அப்போது தோட்டத்தின் பொறுப்பில் இருந்தவர் ஜான் கேமரூன். நாம் சாம்பாரில் போடும் சௌசௌவை இந்த ஊருக்குக் கொண்டுவந்தவர் என்று சொல்லப்படுபவர் அவர்தான். தமிழ்நாட்டில் அதற்குப் பெங்களூர் கத்திரிக்காய் என்று பெயர் வந்தது சும்மா இல்லை. மகளோடு நான் நின்ற அந்த மாளிகையை இப்போது நினைத்தால், வார்டின் பெட்டிக்கு அண்ணன் மாதிரித்தான் தோன்றுகிறது.

இதுவரை அழகான கதை. இனிதான் நாம் வருகிறோம்.

வார்டின் பெட்டியில் பெரணி மட்டும் போகவில்லை. ராபர்ட் ஃபார்ச்சூன் சீனாவிலிருந்து இமயமலைக்குத் தேயிலைக் கன்றுகளைக் கொண்டுவந்தது இந்தப் பெட்டியில். மலேரியாவுக்கு மருந்தான சின்கோனா தென் அமெரிக்காவிலிருந்து 1861ல் ஊட்டிக்கு உயிரோடு வந்து சேர்ந்தது இந்தப் பெட்டியில். 1876ல் பிரேசிலிலிருந்து கியூவுக்கு வந்த சுமார் 70,000 ரப்பர் விதைகளில் முளைத்தவை வெகு சில. அந்தக் கன்றுகளில் ஏறக்குறைய 1,900ஐ 38 பெட்டிகளில் அடைத்து இலங்கைக்கு அனுப்பினார்கள். பெரும்பாலானவை பிழைத்தன. அடுத்த வருஷமே 22 கன்றுகள் சிங்கப்பூர் போயின.

செடி போய் இறங்கியாகிவிட்டது. யார் பராமரிப்பது? யார் காடு வெட்டுவது, யார் பால் எடுப்பது? மலேசியா, சிங்கப்பூரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குக் கப்பலேறிய தாத்தாக்களை உங்களுக்குத் தெரியும். ரஜூலா கப்பலின் பேரைக் கேட்டே வளர்ந்திருப்பீர்கள்.

எங்கள் கதை இலங்கை. அதில் இன்னொரு ஸ்போர் இருக்கிறது.

இலங்கை மலைகளில் முதலில் இருந்தது காப்பி. காப்பிக்குப் பழம் பறிக்கும் பருவத்தில்தான் கூட்டமாக ஆள் தேவை. அதனால் திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்து ஆண்கள் கங்காணியோடு போய், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே நடந்து, பருவம் முடிந்ததும் ஊர் திரும்புவார்கள். அந்தக் காட்டு வழியில் காலராவில் விழுந்து திரும்பாமல் போனவர்களும் நிறைய. 1869ல் காப்பி இலைகளின் அடியில் ஆரஞ்சு நிறத் தூள் தென்பட்டது. அதுவும் ஸ்போர்தான். பெரணி இல்லை, ஒரு பூஞ்சணம். ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். 'வாஸ்டாட்ரிக்ஸ்' என்றால் நாசகாரி. 1880ல் ஆராய வந்த மார்ஷல் வார்ட் (முன்னவர் வேறு, இவர் வேறு), அந்த ஸ்போர் காற்றில் பரவி ஈர இலையில் முளைக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னார். மலை மலையாக ஒரே பயிர் என்பதால் காற்றை எதுவும் தடுக்கவில்லை. அவர் சொன்னபோது காலம் கடந்துவிட்டது. சில வருஷங்களில் இலங்கைக் காப்பி ஒழிந்தது. 1867ல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் தொடங்கியிருந்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது.

இதில்தான் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். தேயிலைக்குப் பருவம் கிடையாது. வருஷம் முழுக்கக் கொழுந்து பறிக்க வேண்டும். பெண்கள் வேண்டும், குடும்பம் வேண்டும், லயம் வேண்டும். காப்பிக்குப் போனவன் ஊர் திரும்பினான். தேயிலைக்குப் போன குடும்பம் அங்கேயே தங்கியது. துறையூர்ப் பக்கத்திலிருந்து போன அம்மாவின் பாட்டனார் வீட்டார் அப்படித் தங்கியவர்கள்தான். ஓர் இலையின் அடியில் ஒட்டியிருந்த ஆரஞ்சுத் தூள் என் அம்மா பிறக்கும் ஊரை முடிவு செய்திருக்கிறது!

தங்கியவர்களுக்கு என்ன நடந்தது? 1948ல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். மொத்தம் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று எழுதினார்கள். 1974ல் அந்த மிச்சத்தை ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். கன்றுகளை எண்ணிப் பெட்டியில் அடைத்த கணக்கும் இந்தக் கணக்கும் எனக்கு ஒரே நோட்டில் எழுதியது போலத் தெரிந்தது.

அம்மா 1973ல் தலைமன்னாரிலிருந்து ராமானுஜம் கப்பலில் ராமேஸ்வரம் வந்தவர். பிறகு மண்டபம் முகாம், அப்புறம் கோத்தகிரி. தாயகம் திரும்பியவர்களுக்காக அங்கே அரசு தேயிலைத் தோட்டம் போட்டிருந்தது. அம்மாவின் சித்தி குடும்பம் போனது இன்னொரு திசையில். கர்நாடகாவில் சுள்ளியா, புத்தூர்ப் பக்கம் வனத்துறைக் கழகத்தின் ரப்பர் தோட்டங்களில் இலங்கையிலிருந்து வந்தவர்களைக் குடியமர்த்தினார்கள். 1876ல் கண்ணாடிப் பெட்டியில் இலங்கை போன ரப்பர், நூறு வருஷம் கழித்து இந்தப் பக்கம் வளர்ந்து நிற்கிறது. அதற்குப் பால் வெட்ட அதே இலங்கையிலிருந்து வந்த எங்கள் ஆட்கள்.

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மாவுக்குச் சொன்னேன். புட்டி, பெரணி, கப்பல், காப்பி, தேயிலை எல்லாம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தச் செடிக்கெல்லாம் கப்பல்ல கண்ணாடி போட்டு மூடியா கொண்டாந்தாங்க?" என்றார்.

"ஆமாம்மா."

"ம்ம்... நாங்க வந்தப்ப மேத்தட்டுல வெயிலு. தண்ணிக்குச் சண்ட. தம்பிக்குக் காய்ச்சல். எங்கம்மா முந்தானைய நனைச்சு நனைச்சு அவன் தலையில போட்டுக்கிட்டே வந்துச்சு."

இதை அம்மா எனக்கு இதுவரை சொன்னதில்லை. ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒரு செடியைப் பற்றிப் பேசப் போய் வெளியே வந்தது.

வழக்கம்போல, லண்டனுக்கு வந்து எங்களோடு இரும்மா என்று கேட்டேன். வழக்கம்போல மறுத்துவிட்டார். இந்த முறை காரணமும் சொன்னார். "ஹட்டன்ல இருந்து ஒருதடவ, கோத்தகிரியில இருந்து ஒருதடவன்னு ரெண்டு மொற பேர்த்து நட்டாச்சு. வேரு தாங்காதுடா. நீங்க வந்து பாத்துட்டுப் போங்க."

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

மகள் கேட்ட செடியை வாங்கவில்லையே தவிர, அவளுக்கு ஒரு பெரணி கிடைத்துவிட்டது. தம்பி வீட்டு பால்கனிக்குக் கீழே தண்ணீர்க் குழாய் கசிகிற சுவர். சுண்ணாம்பு பெயர்ந்த அந்த வெடிப்பில் ஏணிப்படி மாதிரி இலை வைத்து ஒரு பெரணி முளைத்திருக்கிறது. டெரிஸ் விட்டாட்டா என்று பேர். பழைய சுவரும் ஈரமும் இருந்தால் போதும், பெங்களூரில் எங்கும் வரும். மண்ணில் இருக்கும் ஆர்சனிக் விஷத்தை உறிஞ்சித் தன் இலையில் சேர்த்துக்கொள்ளும் ஆற்றல் அதற்கு உண்டு என்று 2001ல் கண்டுபிடித்தார்கள். அதை யாரும் பெட்டியில் கொண்டுவரவில்லை. காற்றில் வந்து, ஈரம் பார்த்து உட்கார்ந்துகொண்டது.

தம்பி அதைப் பிடுங்கிவிட்டுச் சுவரைப் பூச வேண்டும் என்கிறான். அம்மா விடவில்லையாம். வாழ்நாளில் எத்தனை ஆயிரம் சீப்புச்செடி பிடுங்கிய கை அது! "பேத்தி வந்து பாக்கட்டும், அப்புறம் பூசிக்கலாம்" என்கிறார்.

அடுத்த ஜனவரிக்கு டிக்கெட் போட்டாயிற்று.

பி.கு: உங்கள் வீட்டில் எஸ்டேட்டிலோ ரப்பர்த் தோட்டத்திலோ வேலை பார்த்த பெரியவர்கள் இன்னும் இருந்தால், அடுத்த முறை போன் பேசும்போது ஒரு செடியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். கப்பலைப் பற்றி நேராகக் கேட்டால் சொல்லமாட்டார்கள்.